கோட்டையம்மாள் கொடுத்த சிவப்பு

எங்கள் ஊர் குருவியேந்தலில் உறைமோர் இரவல் வாங்காத வீடு கிடையாது, ஏணி இரவல் வாங்காத வீடு கிடையாது, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலியும் எதிர்வீட்டுச் சங்கிலியும் கேட்காமலே வந்து சேர்ந்துவிடும், ஆனால் சிவப்பு நிறத்தை இரவல் வாங்கிய வீடு ஒன்றே ஒன்றுதான், அது எங்கள் வீடு. அப்படி வாங்கியதில் ஒன்றை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தச் சிவப்பு இல்லையென்றால் நான் இல்லை, என் அம்மாவும் இல்லை. அதனால் இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் நாலைச் சேர்த்து ரெண்டை விட்டுவிடுவார்கள்.

என் அப்பா பூவலிங்கம் கடற்கரைப் பக்கத்து ஆள். உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பு வெள்ளை, வானம் நீலம், இதைத் தாண்டி அங்கே யாரும் அவரிடம் நிறம் கேட்டதில்லை, அவரும் கல்யாண வயது வரைக்கும் தனக்கு ஒரு குறை இருப்பதே தெரியாமல் நிம்மதியாக இருந்தார். என் அம்மா மங்களேஸ்வரி வீட்டுக்கு ஒரே பிள்ளை, தகப்பன் இல்லாத நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அப்பாவை வீட்டோடு மாப்பிள்ளையாக எடுத்தார்கள். நிலம் என்றால் எங்கள் பக்கத்தில் மிளகாய்தான், வேறெதுவும் அந்தக் கரிசலுக்கும் வெயிலுக்கும் ஒத்துவராது. முதல் பறிப்பன்று அப்பா ஆர்வமாக முன்னால் நின்று மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்து கொட்டினார், கொட்டியதில் பாதி பழம், பாதி பச்சைக்காய். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே ஈரமண் நிறமாகத் தெரிந்திருக்கிறது.

ஊர் சும்மா விடுமா? மாப்பிள்ளைக்குப் பச்சைக்கொடி காட்டினாலும் நிற்பார், சிவப்புக்கொடி காட்டினாலும் நடப்பார் என்றார்கள். கடையில் தக்காளி வாங்கப் போனால் காயாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார், மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டியபோது தலையை ஆட்டிவிட்டு நாறிய மீனை வாங்கி வந்தார், பம்புசெட்டில் மேல் பொத்தான் பச்சை, கீழ்ப் பொத்தான் சிவப்பு என்று இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருந்தவர் மெக்கானிக் பெட்டியைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போன அன்றைக்கு நிறுத்துவதற்குப் பதில் மறுபடி மறுபடி ஓடவிட்டு, அடுத்தவர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சினார். ராமநாதபுரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பிறவியிலேயே அப்படி, இதற்கு மருந்து கிடையாது, பயப்படவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அப்பா பயப்படவில்லை, கூச்சப்பட்டார். வேலை தெரியாத மாப்பிள்ளை என்ற பேர் எடுத்துவிட்டோமே என்று வயலுக்குப் போகிற வழியில் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அடுத்த பறிப்பன்று காலையில் அம்மாவால் அந்தக் குனிந்த தலையைப் பார்க்க முடியவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டாள், அதற்குள் கண்ணை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் டம்ளரை அப்பாவிடம் நீட்டி, “என் செவப்ப இன்னைக்கு நீங்க வச்சுக்கங்க, சாயங்காலம் குடுத்தாப் போதும்” என்றாள். அப்பா அந்தத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு வயலுக்குப் போனார். போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னங்க என்று அம்மா கேட்டதற்கு, வயல் இவ்வளவு சத்தமாகவா இருக்கும் என்று கேட்டாராம். அன்று ஒரு பச்சைக்காய்கூட அவர் மடியில் விழவில்லை. பொழுது சாய்ந்ததும் அதே டம்ளரில் தண்ணீர் மொண்டு, அதற்குள் பார்த்து, சிவப்பை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்ட எங்கள் தெரு அதிசயப்படவில்லை. இரவல் கொடுக்கலாம் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே கொடுத்திருப்போமே, ஏன் சொல்லவில்லை என்றுதான் கோபித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் செய்யதம்மாள் மறுநாளே தன் டம்ளரோடு வந்தாள், பொண்டாட்டி சிவப்பையே தினமும் வாங்கினால் அவள் எப்படிக் களத்தில் வத்தல் பிரிப்பாள், ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டுக்கொள்வோம் என்றாள். அப்படியே முறை வந்தது. கொஞ்ச நாளில் அதற்குச் சட்டதிட்டங்களும் வந்தன. வெள்ளிக்கிழமை கொடுக்கக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சி கொடுக்கக் கூடாது, வாங்கிய டம்ளரிலேயே திருப்ப வேண்டும், ஒருத்தி சிவப்பை இன்னொருத்தி டம்ளரில் ஊற்றிக் குழப்பக் கூடாது. வீட்டுக்கு வீடு குழம்பு மாறுவதுபோல சிவப்பும் மாறுகிறது என்று அப்பா ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட, யார் சிவப்பு நல்ல சிவப்பு என்று குழாயடியில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. செய்யதம்மாளின் சிவப்பு கொஞ்சம் மஞ்சள் கலந்தது என்று சொன்ன பாவத்துக்கு அப்பா அந்த வாரம் முழுக்க அவள் முறையை இழந்தார்.

எங்கள் பக்கத்தில் வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை, ஒரு கை அரிசியாவது, ஒரு கருவேப்பிலைக் கொத்தாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அப்பாவும் வழக்கம் தெரிந்தவர். சிவப்போடு தன் பார்வையில் ஒரு துளியையும் சேர்த்துத்தான் திருப்பினார். காய்ந்த சருகுக்குள் படுத்திருக்கும் பாம்பு, கருவேலங்காட்டுக்குள் நிற்கும் செம்மறி, புழுதியில் விழுந்த மூக்குத்தித் திருகு, இதெல்லாம் நிறத்தை நம்பிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். அவரிடம் சிவப்பைத் திருப்பி வாங்கிய பெண்களுக்கெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது. எங்கள் தெருவில் ஆடு காணாமல் போவது நின்றது. கேலி பேசுவதும் நின்றது, ஏனென்றால் சிவப்பைக் கொடுத்துவிட்டு ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்தவர்கள், காயையும் பழத்தையும் கையில் வைத்துக்கொண்டு முழித்தவர்கள், பிள்ளைக்கு ஒரு பக்கம் சிவப்பு ரிப்பனும் ஒரு பக்கம் பச்சை ரிப்பனும் கட்டி அனுப்பியவர்கள், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கேலி செய்வார்கள்?

கொடுக்காத வீடு ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, கோட்டையம்மாள் வீடு. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி, மதினி முறை. புருஷன் செத்தபிறகு தனியாக இருந்தாள், நாற்பது வயதுகூட இருக்காது, பிள்ளை கிடையாது, வாய் மட்டும் தெரு நீளம். என் அம்மாவின் அப்பா உயிரோடு இருந்தபோது வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டிவிட்டார் என்று தகராறு வந்து, இவள் முனீஸ்வரர் கோயிலில் சூடத்தைக் கொளுத்திக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள். இனிமேல் அந்த வீட்டுப் படியை நான் ஏறமாட்டேன், அந்த வீட்டுப் பொருள் என் வீட்டுப் படி ஏறாது என்று. சூடத்தில் செய்த சத்தியத்தை எங்கள் ஊரில் கொலைகாரன்கூட மீற மாட்டான். எங்கள் வீட்டுக் கோழி அவள் வாசலில் கால் வைத்தால்கூட, கோழி எங்கள் வீட்டுப் பொருள் என்பதால், விரட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்துக் கழுவினாள்.

இப்படியிருக்கும்போது அம்மாவின் வயிற்றில் நான் வந்தேன். மாதாமாதம் வரும் நர்ஸம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தார், தண்ணீர் போனால் பதற வேண்டாம், நேரம் இருக்கிறது, ஆனால் சிவப்பாகப் போனால் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, தாயும் பிள்ளையும் தங்காது. எந்த நிறம் தெரியாதோ அந்த நிறத்தையே பார்த்துக்கொள்ளச் சொன்னால் மனுஷன் என்ன செய்வார்? ஒரு தடவை அம்மா மடியில் ரசம் கொட்டியதற்கு வண்டி கட்டினார், இன்னொரு தடவை வேர்த்ததற்குக் கட்டினார். ரெண்டு தடவையும் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிப் போய் ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். இனிமேல் சும்மா சும்மா குலுக்கினால் அதுவே ஆபத்து, நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நிச்சயமாகத் தெரிய வேண்டிய நாள், தெருவே பக்கத்து ஊருக்குக் காதுகுத்துக்குப் போயிருந்த நாளாகப் போயிற்று. செய்யதம்மாள்கூடப் போயிருந்தாள், எல்லோரும் போகும் முன் யாராவது ஒருத்தர் சிவப்பை விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்க அப்பாவுக்குத் தோன்றவில்லை, இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா அடுப்படியில் சரிந்துவிட்டாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள், சேலை நனைந்திருந்தது. அப்பா குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார், சேலையும் ஈரமும் அவருக்கு ஒரே நிறம். மங்களம், மங்களம் என்று கூப்பிட்டார், அம்மா கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீரா ரத்தமா, இருப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நடு வீட்டில் நின்றார். 

நின்றவர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினார். எங்கே ஓடுவது, தெருவில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். கோட்டையம்மாள் படியடியில் போய் நின்று, “அக்கா, செவப்பு வேணுங்க்கா” என்றார். வேறு ஒரு வார்த்தையும் அவருக்கு வரவில்லை. கோட்டையம்மாள் வெளியே வந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள், அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

“அந்த டம்ளர் படி ஏறக்கூடாது. அங்கனயே போடு” என்றாள்.

உள்ளே போனாள். கல்யாணத்துக்கு வந்த, அவள் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டாள், அதற்குள் கண்ணை விரித்துப் பார்த்தாள், கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அப்பா தெருவிலேயே கண்ணைக் கழுவினார், கழுவிய கண்ணோடு வீட்டுக்குள் ஓடினார், ஓடிய வேகத்தில் அவர் போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளி நின்ற கோட்டையம்மாளுக்குக் கேட்டதாம். சேலை முழுக்கச் சிவப்பு.

அப்பா அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது கோட்டையம்மாள் அவருக்கு முன்னால் ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். படி ஏறமாட்டேன் என்றுதான் சத்தியம், ரோட்டில் நிற்கமாட்டேன் என்று இல்லை. வந்த தண்ணி லாரியை மறித்து, டிரைவர் வாயைத் திறப்பதற்குள் அவனைப் பெற்றவளிலிருந்து ஆரம்பித்துத் திட்டி, மூன்று பேரையும் ஏற்றி அனுப்பினாள். மூன்றாவது ஆள் நான். லாரி திரும்பிப் போகும்போது அதன் பின்விளக்கு ரெண்டும் அவளுக்குச் சேற்று நிறமாகத் தெரிந்தன. ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரெண்டு உயிரும் கையை விட்டுப் போயிருக்கும் என்றார்கள்.

அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பேர் வெட்டிய டம்ளரில் தண்ணீர் மொண்டு, சிவப்பை இறக்கி, கூடவே தன் பார்வையில் பாதியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கோட்டையம்மாள் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். உங்கள் வீட்டுக்குள் போன பொருள் உங்கள் வீட்டுப் பொருள், அது என் படி ஏறாது என்றாள். தெரு கூடிவிட்டது. அவள் டம்ளர், அவள் சிவப்பு, அது எப்படி அந்த வீட்டுப் பொருளாகும் என்று செய்யதம்மாள் கேட்டாள். பெண்ணைக் கட்டிக் கொடுத்தபிறகு அவள் எந்த வீட்டுப் பெண் என்று கோட்டையம்மாள் திருப்பிக் கேட்டாள். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள், கோயில் பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், சத்தியத்தை வைத்தவள்தான் எடுக்க முடியும் என்று அவர் கையை விரித்துவிட்டார். கொடுக்கும்போதே திருப்பி வாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.  அப்பா தண்ணீரைக் கீழே ஊற்ற மனசில்லாமல் மறுபடி தன் கண்ணிலேயே ஊற்றிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு வெகுநாள் கழித்துத்தான் செய்யதம்மாளுக்கு ஒன்று தோன்றியது. அந்த ஈரத் துணியில் ஒரு ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய்த் தெருவில் நின்று காட்டியிருந்தால், கோட்டையம்மாள் பார்த்துச் சொல்லியிருப்பாளே, சிவப்பையே கொடுத்திருக்க வேண்டாமே என்றாள். தெருவே நெற்றியில் அடித்துக்கொண்டது. டம்ளரோடு போய்ப் பழகிய ஆள் டம்ளரோடுதான் போவார், கொடுத்துப் பழகிய தெருவில் ஒரு நாளும் கொடுக்காதவளுக்கும் கொடுக்கத்தான் தோன்றியிருக்கிறது. கோட்டையம்மாள் காதுக்கும் இது போயிற்று, கூறு கெட்ட மனுஷன் என்று அப்பாவை ஒரு பொழுது முழுக்கத் திட்டினாள், தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். எனக்கென்னவோ அதுவே நல்லதாகப் போயிற்று என்றுதான் படுகிறது. யோசித்திருந்தால் துணியைக் கொண்டுவா என்றிருப்பாள், யோசிக்காததால்தான் கொடுத்தாள், யோசிக்காமல் கொடுத்ததில் பிறந்தவள் நான் என்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஆனால் மிளகாய் ஊரில் சிவப்பு இல்லாமல் பிழைப்பது சாமானியம் இல்லை. கோட்டையம்மாள் காயும் பழமுமாகப் பறித்தாள், ஒரு வார்த்தை கேலி பேச யாருக்கும் வாய் வரவில்லை. தெருப் பெண்கள் முறை போட்டு டம்ளரோடு போனார்கள், கொடுத்ததுக்குக் கூலி வாங்குகிற ஆளா நான் என்று திட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்பா விடிந்ததும் அவள் வயல் வரப்பில் போய் நின்றுகொள்வார். வரப்பு ஏற்கெனவே தகராறில் இருந்ததால் அது யார் வீட்டுப் பொருள் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. இரவல் கிடைக்காத வெள்ளிக்கிழமைகளில் தான் தடவித் தடவிக் கற்றதை, அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, பழுத்தது விரலுக்கு லேசாக அமுங்கும், காய் அமுங்காது, பழத்தின் காம்பு வளைத்தால் சத்தமில்லாமல் வரும், காயின் காம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும் என்று தனக்குள் பேசுகிற மாதிரிப் பேசுவார். அவளும் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொள்வாள். மீன் வாங்கினால் செவுளைப் பார்க்காதே, கண்ணைப் பார், கண் உள்ளே போயிருந்தால் வாங்காதே என்று ஒரு நாள் வானத்திடம் சொன்னார். அன்று அவள் நல்ல மீன் வாங்கினாள்.

நான் தவழ ஆரம்பித்த காலத்தில் ஒரு மத்தியானம் அம்மா கண்ணசந்த நேரம் பார்த்துத் தெருவில் இறங்கி, மூன்று வீடு தாண்டித் தவழ்ந்து போய், கோட்டையம்மாள் படியில் கையை வைத்தேனாம். களத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கோழியே ஏறக்கூடாத படி அது. அம்மா ஓடிவந்து பாதித் தெருவில் நின்றுவிட்டாள், அங்கிருந்து அதட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நான் முதல் படி ஏறி, ரெண்டாம் படியில் வயிற்றைப் போட்டு உந்திக்கொண்டிருந்தேன். கோட்டையம்மாள் கதவுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

“இது அந்த வீட்டுப் பொருள் இல்ல. நான் குடுத்ததுல வந்தது. இது என் வீட்டுது.”

முனீஸ்வரர் ஒன்றும் சொல்லவில்லை. தெருவும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு ரெண்டு வீடு, ரெண்டு சோறு, ரெண்டு இடத்தில் அடி. அம்மாவோடு அவளுக்கு இப்போதும் பேச்சு கிடையாது, எனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்க்கவில்லை என்று என்னிடம் சொல்லி அம்மாவைத் திட்டுவாள், ராத்திரி கண்டதைத் தின்னக் கொடுக்கிறாள் என்று அம்மா என்னிடம் சொல்லி அவளைத் திட்டுவாள். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராகக் கோட்டையம்மாள் அத்தை வீட்டுக்குத்தான் போவேன். வத்தல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல சிவப்பு எது, வெளுத்துப்போன சண்டு வத்தல் எது என்று ஒவ்வொன்றாக நான் சொல்ல, அத்தை வாங்கிப் பிரித்துப் போடுவாள். உலர்ந்த வத்தலில் அமுக்கிப் பார்க்க ஒன்றும் இல்லை, அதற்கு நான்தான் வேண்டும்.

டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிற வயது எனக்கு வந்ததும் தெருவுக்கு மூளை வேலை செய்தது. நான் அத்தை வீட்டுப் பொருள் என்றால், நான் எடுத்துப் போவதும் அத்தை வீட்டுப் பொருள்தானே என்று செய்யதம்மாள் கண்டுபிடித்தாள். அப்பாவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. புது வேட்டி கட்டிக்கொண்டார். பேர் வெட்டிய டம்ளரைப் புளி போட்டு விளக்கி, தண்ணீர் மொண்டு, இத்தனை வருஷம் வைத்திருந்த சிவப்பை ஒரு துளி விடாமல் அதில் இறக்கினார். இறக்குவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை கண்ணாரப் பார்த்துக்கொண்டார், என் பாவாடையை, என் உதட்டை. எனக்கு என்னவோ போலிருந்தது. “அக்காகிட்ட குடுத்துட்டு, அப்பா கும்பிட்டதாச் சொல்லு” என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. கடன் தீர்கிற கண்ணீரா, பிரிகிற கண்ணீரா என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

தெருவே வாசலுக்கு வந்து பார்க்க, நான் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து போய், படி ஏறி, அத்தை முன்னால் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அப்பா கும்பிட்டதையும் சொன்னேன். அத்தை டம்ளரை வாங்கவில்லை, என் கையில் இருக்கும்போதே அதற்குள் எட்டிப் பார்த்தாள், ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு பார்த்தாள்.

“கொண்டு போயி ஒங்கப்பன் கண்ணுலயே ஊத்து” என்றாள்.

“ஏன்த்த, ஒனக்கு வேணாமா?”

அத்தை என் கையைப் பிடித்து டம்ளரைப் பத்திரமாக ஓரத்தில் வைக்கச் சொல்லி, என்னைக் குவியலுக்குப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“இத வாங்கிட்டேன்னா, நாளைக்கு நீ எதுக்கு வருவ?”

 குவியலிலிருந்து ஒரு வத்தலை எடுத்து, நல்ல சிவப்பு என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன், அவள் வாங்கி நல்ல பக்கத்தில் போட்டாள்.